வெயிலில் நீலமான எலும்பு

குன்றத்தூருக்கு அப்பால், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் தண்ணீரை இறைத்துவிட்டுச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். சேற்றைப் பரிசோதிக்கத் தாம்பரத்திலிருந்து ருக்ஸானா வந்திருந்தாள். கல்லூரியில் ஜியாலஜி நடத்துபவள்.

"மேடம், இன்னா கல்லு இது? மினுக்குது" என்று பொக்லைன் ஓட்டும் ஹாஜா மைதீன் ஒரு சேற்றுக் கட்டியைக் கொண்டுவந்தான்.

உடைந்த இடத்தில் நிறமற்ற சின்னச் சின்னப் படிகங்கள். நகத்தால் கீறினாள், கோடு விழுந்தது. ஜிப்சமாக இருக்கும் என்று நினைத்து, வெயிலில் வைத்துவிட்டு மற்ற மாதிரிகளைப் பார்க்கப் போனாள். மதியம் திரும்பியபோது வெயில் பட்ட பக்கம் நீலம் பூத்திருந்தது. அடிப்பக்கம் மாறவே இல்லை.

விவியனைட், வெளிச்சம் பட்டால் நீலமாகும் கனிமம். பாடப்புத்தகத்துக்கு வெளியே அவள் அதைப் பார்த்ததில்லை. காற்றுப் புகாத சேற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தால்தான் அது உண்டாகும். வெறும் கருங்கல் குழியில் இவ்வளவு பாஸ்பேட் எங்கிருந்து வந்தது?

கத்தியால் களிமண்ணைச் சுரண்டினாள். தாடை எலும்பு ஒன்று வெளிப்பட்டது. பாஸ்பேட் அதிலிருந்துதான்.

"ஆட்டெலும்பா மேடம்?"

கடைவாய்ப் பல் ஒன்றில் வெள்ளி அடைத்திருந்தது. ருக்ஸானா கத்தியைக் கீழே வைத்தாள்.

பின்னால் நின்ற வாட்ச்மேன் சவுரிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தனசிங்கு" என்றார். "லாரியோட கீழ கீறான்."

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு காலையில், டிரைவர் தனசிங் ரிவர்ஸ் எடுத்த லாரியோடு குவாரி விளிம்பு சரிந்திருக்கிறது.

"லாரிய எடுத்துக்கினு ஓடிட்டான்னு சொல்லச் சொன்னாரு மொதலாளி. போலீசாண்ட நானும் அதையே சொன்னேம்மா."

"அப்புறமும் ஏண்ணா இங்கயே இருந்தீங்க?"

"நானும் போய்ட்டா அவன் ஒண்டியா பூடுவானேன்னு..." அவர் தண்ணீர் வற்றிய பள்ளத்தையே பார்த்தார். "காலையில மூஞ்சி கழுவக் குனிஞ்சாக்கூட, தண்ணிக்குள்ளேந்து என் பேர் சொல்லிக் கூப்பிடுவான்."

இரண்டாம் நாள் அதே இடத்தில் துருப்பிடித்த லாரி கிடைத்தது. மிச்சமிருந்த எலும்புகளும் உள்ளே இருந்தன. சவுரிமுத்து போலீசிடம் உண்மையைச் சொல்லி எழுதிக் கொடுத்தார். டி.என்.ஏ. பரிசோதனையும் அது தனசிங்தான் என்றது.

அவன் மனைவி அமலராணி பெரும்பாக்கம் குடியிருப்பில் இருந்தாள். பிணவறைக்கு ருக்ஸானாவும் துணைக்குப் போனாள். வெள்ளைத் துணியின்மேல் எலும்புகள் ஆழ்ந்த நீலத்தில் கிடந்தன.

"இன்னா மேடம், இப்டி நீலமா கீறாரு?"

"வெளிச்சம் பட்டதாலக்கா. சேத்துக்குள்ள இந்த நிறம் இருந்திருக்காது."

அமலராணி தாடையை விரல் நுனியால் தொட்டாள். "இந்தப் பல்ல அடைக்க நான்தான் இட்டுக்கினு போனேன்" என்றாள். அழவில்லை.

ருக்ஸானா அவளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். அமலராணி தன் வீட்டுக்குள் போகவில்லை. தரைத்தளத்தின் முதல் கதவைத் தட்டினாள்.

"என் வூட்டுக்காரரு ஓடிப்போவல. செத்துட்டாரு."

அடுத்த கதவு. அதற்கடுத்தது. அவனைப் பற்றியே கேள்விப்படாதவர்கள் விழித்தார்கள். வண்டியருகே நின்ற ருக்ஸானாவால் கிளம்ப முடியவில்லை. மாடி மாடியாக அந்தக் குரல் ஏறிப்போய்க்கொண்டிருந்தது.