மன்சிக் தோட்டத்து ரேடியோ

குகைக்குப் புறப்படும்முன் மன்சிக் தோட்டத்து ரேடியோவைப் போட்டுவிட்டு வந்தார். கமலா ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை, அதன் கீழே ரேடியோ. தோட்டத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அது கத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பது செத்துப்போன அப்பா வைத்த சட்டம். கூரைக்குப் பக்கத்தில் கிடக்கும் கருங்கற்குவியலிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. அந்தத் தலைமுறை ஆட்களிடம் எதற்கும் காரணம் கேட்கும் வழக்கம் கொரியாவின் ஜெஜு தீவில் கிடையாது. பாட்டுக் கேட்டுத்தான் கிழவரின் மரம் இனிக்கிறது என்று ஊர் கேலி பேசியதோடு சரி. மன்சிக்குக்கும் அறுபது தாண்டிவிட்டது, பழக்கம் விட்டபாடில்லை.

பக்கத்துத் தோட்டத்து மால்சுன் அக்கா கல்சுவரோரம் காத்திருந்தார். 1948-ல் கலகத்தை அடக்க வந்த பட்டாளம் ஹல்லா மலையடி ஊர்களையெல்லாம் எரித்து, ஜனங்கள் குகைகளில் ஒளிந்த குளிர்காலத்தில் அவருடைய அப்பா காணாமல் போனார். அக்கா அப்போது அம்மா வயிற்றில். செத்த தேதி தெரியாதவர்களுக்கு அங்கே பிறந்த நாளில்தான் திதி. அதை முந்தின நாள் முடித்துவிட்டு, படையலில் மிஞ்சிய முள்ளங்கி அப்பத்தைக் கொண்டுவந்திருந்தார்.

"இந்தா, தின்னு. புத்தி தெரிஞ்ச நாள்லேர்ந்து காணாம போன மனுசனுக்குப் பொறந்த நாள் கொண்டாடுறேன். கேக்குதான் இன்னும் வெட்டலை" என்றார். வருஷா வருஷம் சொல்வதுதான். மன்சிக்கும் வருஷா வருஷம் போலச் சிரித்துவைத்தார்.

போன வருஷம் சாலைக்குப் பள்ளம் தோண்டியபோது, மண் மூடிக் கிடந்த குகையின் வாய் திறந்துகொண்டது. இப்போது முள்காட்டுக்குள் மரப்படியும் கயிற்றுக் கைப்பிடியும் வைத்து நடைபாதை போட்டாயிற்று. வெளியூர்க்காரர்களை விடுமுன் உள்ளூர்க்காரர்கள் ஒரு நடை பார்த்துவிடட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். தலையில் விளக்குத் தொப்பியுடன் பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். நெருப்புக் குழம்பு ஓடி வடிந்த தடம் சுவரெங்கும் வரிவரியாகத் தெரிந்தது. முதலில் எல்லோரும் சந்தை இரைச்சலாகத்தான் பேசினார்கள். உள்ளே போகப் போகப் பேச்சு தானாகவே அடங்கியது. கடைசியாக வந்த மன்சிக்குக்குத் தன் பின்னாலும் யாரோ வருவது போலிருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், ஒருவரும் இல்லை.

குகை ஒரு கற்குவியலில் முட்டி நின்றது. தரையிலிருந்து கூரைவரை கல். அடியில் துருப்பிடித்த ஒரு சட்டியும், பாதி புதைந்த ரப்பர் செருப்பும். மேலே யாரோ ஒருவர் தன் நிலத்து ஓட்டையைக் கல் போட்டு மூடியிருக்கிறார், சட்டியும் செருப்பும் வெள்ளத்தில் வந்த குப்பை என்று கூட்டிவந்த அதிகாரி விளக்கினார். கல் சரிந்து யார் தலையிலாவது விழுந்தால் வம்பு, அடுத்த வாரம் மொத்தமாகச் சிமெண்ட் ஊற்றி அடைத்துவிடப் போகிறார்களாம். மேலே இருப்பது யாருடைய நிலம் என்று கேட்டார்.

அப்போது கல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மெலிதாகப் பேசியது.

எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. தெற்குக் கடலில் அலை அதிகம், சிறு படகுகள் போக வேண்டாம் என்றது குரல். அட, ரேடியோ! போன உயிர் வந்ததுபோல் கூட்டம் சிரித்தது. மால்சுன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த ரேடியோவின் இரைச்சலுக்காகக் கல்சுவருக்குத் தன் பக்கம் நின்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர் அவர்.

தன் தோட்டத்துக் கருங்கற்குவியலின் அடிப்பக்கம்தான் இது என்று மன்சிக்குக்குப் புரிந்தது. மேலே பேசுவது கீழே கேட்கிறதென்றால், அன்று கீழே இருந்தவர்கள் கூப்பிட்டது மேலே கேட்டிருக்கும். ரேடியோ வாங்க வக்கில்லாத காலத்தில் அப்பா ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே களை எடுப்பார் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் ஒரு மனிதர் ஆயுசு முழுக்கச் சத்தத்தைச் சத்தத்தால் மறைத்திருக்கிறார். அப்பாவை நினைத்து முதல் தடவையாகப் பயமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

அதிகாரி மறுபடியும் கேட்டார். இப்போது பேசாமல் நின்றால் போதும், அடுத்த வாரம் எல்லாம் சிமெண்டுக்குள் போய்விடும், அப்பாவின் பெயரும் பத்திரமாக இருக்கும். மால்சுன் அக்கா மன்சிக்கைப் பார்த்தார். பிறகு, தன் தொப்பி விளக்கு அவர் முகத்தில் விழாதபடி தலையைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து முள்காட்டுப் பாதையில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது அக்கா நின்றார். திரும்பவில்லை.

"உங்கப்பா அவங்கள ஒளிச்சு வச்சாரா, அடைச்சுப் போட்டாரா?"

"தெரியலக்கா. ஆனா அவருக்குக் கேட்டிருக்கு."

அக்கா நெடுநேரம் கயிற்றை விடவேயில்லை. "கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்காரு" என்றார்.

மன்சிக் இறங்கிப் போனார். அதிகாரி விளக்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

"சிமெண்ட் ஊத்தாதீங்க. மேல இருக்கறது என் தோட்டம். உள்ள ஆளுங்க இருக்காங்க."

ஆட்கள் வந்து முறைப்படி திறப்பார்கள், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்றார் அதிகாரி. மன்சிக் தலையாட்டிவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனார். ரேடியோவை நிறுத்தினார். குவியலின் தலையிலிருந்து கல்லை எடுக்க ஆரம்பித்தார். ஆலங்கட்டி கலந்த தூறல் விழுந்துகொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் கிழிந்தது. மால்சுன் அக்கா பக்கத்தில் குந்தியிருந்தார்.

ஆள் தலையளவு கல் ஒன்று நகர்ந்ததும் அடியிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று. குளிரில் அது வெள்ளையாகப் புகைந்து மேலே எழுந்தது. அக்கா மண்டியிட்டு முகத்தை அதில் வைத்தார். கூப்பிட வாயைத் திறந்தார், ஆனால் அந்தச் சொல்லை அவர் யாரையும் பார்த்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சத்தம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, ஓட்டையில் காதை வைத்தார். அசையாதே என்று மன்சிக்கைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார்.

எடுத்த கல் மன்சிக்கின் கையில் இருந்தது. கீழே வைத்தால் சத்தம் வரும். நெஞ்சோடு அணைத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.