மூன்றாம் பெட்டியின் பின்சக்கரம்

எனக்குக் காது கேட்காது. என் மனைவி எலிசபெத்தைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ரயில் என்ஜின் பாய்லருக்குள் உட்கார்ந்து பதினாறு வருஷம் ரிவெட் ஆணி அடித்தவனுக்குக் காது எங்கே மிஞ்சும்? அங்கிருந்து என்னை மாற்றி, செகந்திராபாத் ஸ்டேஷனில் சக்கரம் தட்டிப் பார்க்கும் வேலையில் போட்டார்கள். சுத்தியலால் தட்டினால் சக்கரம் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல். முழுக்கக் காதை நம்பிய வேலை. விஷயம் தெரிந்தால் வேலையும் போகும், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸும் போகும்.

மூன்று வருஷம் சமாளித்தேன். சுத்தியலின் பிடியை இறுக்கக் கூடாது. தளர்த்திப் பிடித்தால் நல்ல சக்கரம் அதைத் துள்ளவைத்துத் திருப்பி அனுப்பும். இடது உள்ளங்கையைச் சக்கரத்தில் வைத்தால் அதிர்வு நீளமாக ஓடி அடங்கும். பேச்சுக்கு உதட்டசைவைப் பார்த்தால் போதும். பாய்லர் ஷாப் இரைச்சலில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். மீசைக்காரர்களிடம்தான் மாட்டிக்கொள்வேன்.

அன்று காசிப்பேட்டை வண்டி புறப்படப் பத்து நிமிஷம் இருந்தது. மூன்றாம் பெட்டியின் பின்சக்கரத்தில் அதிர்வு பாதியிலேயே நின்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் நின்றது.

என் மேலதிகாரி, வண்டிப் பரிசோதகர் சீதாராமன் வந்தார். "என்ன சூசைராஜ்?"

"சக்கரம் சரியில்ல சார்."

"பிரேக் கட்டை ஒட்டிக்கிட்டிருக்கும்யா. ஒட்டினா எந்தச் சக்கரமும் மந்தமாத்தான் கேக்கும்."

நியாயமான சந்தேகம்தான். பிரேக்கைத் தளர்த்தச் சொல்லி அவரே தட்டினார். "நல்லாத்தானே கேக்குது? ஒனக்கு எப்படிக் கேக்குது?"

'சரிதான் சார்' என்றால் வண்டி போய்விடும், நானும் தப்பிப்பேன். மேலே ஜன்னலோரம் ஒரு பெண் குழந்தைக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். கையைச் சக்கரத்தில் வைத்து நானே தட்டினேன். பாதியில் நின்றது.

"மண்ணெண்ணெய் தடவிப் பாத்துடலாம் சார்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல."

"என் பொறுப்புன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். வண்டி போகக் கூடாது." என் வாய்க்கு என்றைக்குமே அடக்கம் கிடையாது. அவர் முறைத்தார். பிறகு எண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

சக்கரத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, ஊற விட்டு, மறுபடி காயத் துடைத்தேன். சாக்கட்டியைப் பொடித்து மேலே பூசினேன். உள்ளே இறங்கிய எண்ணெய் வெளியே கசிந்தால் விரிசல். கசியாவிட்டால் நான் தொலைந்தேன். கார்டு ஓடி வந்து கடிகாரத்தைக் காட்டி ஏதோ கத்தினார். அடர்ந்த மீசை. ஒரு சொல்லும் புரியவில்லை. வெள்ளைப் பூச்சு வெள்ளையாகவே இருந்தது. சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே பயமாக இருந்தது.

பிறகு மயிரிழையாக ஒரு கோடு நனைந்தது. விரல் நீளத்துக்கு வளர்ந்தது.

பெட்டியைக் கழற்றினார்கள். சீதாராமன் என் முன்னால் வந்து நின்றார். "எனக்கே கேக்கல. ஒனக்கு எப்படிய்யா கேட்டுது?"

"பழக்கம்தான் சார்."

அவர் என்னையே பார்த்தார். "டீ குடிச்சியா?"

"இன்னும் இல்ல சார்."

பக்கத்தில் நின்ற கார்டு திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. சீதாராமனின் தொண்டை அசையவே இல்லை. குரல் விடாமல் வெறும் உதட்டைத்தான் அசைத்திருக்கிறார்.

"ஒன் காதைப் பத்தி நான் மேல எழுதித்தான் ஆகணும், சூசைராஜ்," என்றார். "இன்னொரு சக்கரம் ஒன் கையையும் ஏமாத்திட்டா?"

மூன்று வருஷமாக, வண்டி கிளம்பும்போதெல்லாம் நானே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவன் நான். அன்று கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"எழுதுங்க சார்," என்று சுத்தியலை நீட்டினேன்.

இன்னும் நான்கு பெட்டிகள் பாக்கி. அடுத்த பெட்டியின் சக்கரத்தருகே போய் அவர் சுத்தியலை ஓங்கினார்.

"பிடியை இறுக்காதீங்க சார்."

தளர்த்திக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். நான் குனிந்து சக்கரத்தில் கையை வைத்தேன். அவர் தட்டினார்; அதிர்வு நீளமாக ஓடி அடங்கியது.

"ஓடுது சார்," என்றேன்.