ஆறு அங்குல எழுத்து

அந்த யார்டில் ஸ்டோர்காரருக்கு இஞ்ச்டேப் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும். சாலையில் கோடு போடுகிற, பள்ளம் அடைக்கிற ஒரு கம்பெனியின் கிடங்கை இருபத்தாறு வருடமாகக் கட்டி மேய்க்கிறவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். நூறு மீட்டர் கயிறு முக்கால் மீட்டர் குறைந்ததற்காக வண்டியையே திருப்பி அனுப்பிய புண்ணியவான். இப்படியும் ஒரு ஆள் வேண்டும்தானே, இல்லாவிட்டால் கிடங்கு என்னத்துக்கு ஆகும்?

அவரிடம் போய் மேனேஜர் சொன்னார் பாருங்கள்:

"அண்ணே, பெரிய ரோட்டுல கோடு போடுற வேலை வந்திருக்கு. மேலிடத்து ஆளுங்க போட்டோ எடுக்க வருவாங்க. எல்லாருக்கும் புது சேஃப்டி ஜாக்கெட் ஆர்டர் பண்ணுங்க. முதுகுல நம்ம கம்பெனி பேரு இருக்கணும். எழுத்து ஆறு அங்குலம். ஒரு நூல்கூடக் குறையக் கூடாது."

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா மனுஷன்! இஞ்ச்டேப்பிடம் அளவைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் உலகத்தில் வேறு எதுவும் அவர் கண்ணில் படாது.

சேஃப்டி ஜாக்கெட் எல்லோரும் பார்த்ததுதான். கண்ணைப் பறிக்கிற மஞ்சள் துணி, அதில் முன்னும் பின்னுமாக இரண்டு வெள்ளிப் பட்டைகள். இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டால் பட்டை நெருப்பாக மின்னும். அச்சுக்காரர் முதலில் அனுப்பிய மாதிரியில் எழுத்து மூன்று அங்குலம். திருப்பி அனுப்பினார். அடுத்தது நாலரை. அதையும் திருப்பினார். மூன்றாவது தடவை அச்சுக்காரரே போனில் வந்தார்.

"சார், ரெண்டு பட்டைக்கும் நடுவுல அஞ்சு அங்குலம்தான் இடம் இருக்கு. ஆறு வேணும்னா மை பட்டை மேல ஏறும். பரவாயில்லையா?"

"ஏறட்டும். எனக்கு ஆறு வேணும்."

"அப்போ சுத்தி கருநீலத்துல ஒரு கட்டம் போட்டுடலாம். எழுத்துக்கு மேல ஒன்றரை, கீழ ஒன்றரை. எடுப்பா இருக்கும்."

"போடுங்க. ஆனா எழுத்து ஆறு."

மாதிரி வந்தது. டேப்பை வைத்தார். ஆறு. அப்படியே உள்ளம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டார். அறுபது ஜாக்கெட்டுக்கு ஆர்டர் போயிற்று.

சரக்கு வந்து இறங்கிய அன்று காலையிலேயே கோடு போடுகிற கோஷ்டி ஸ்டோர் அறை ஜன்னலில் வரிசை கட்டியது. மொத்தம் இருபத்து நாலு பேர். அன்று ராத்திரி பெரிய ரோட்டில் அவர்களுக்கு வேலை. ஸ்டோரில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பழையது உள்ளே வந்தால்தான் புதியது வெளியே போகும். வந்த பழையதை ஆள் கண் முன்னாலேயே கத்தரியால் நடுமுதுகில் இரண்டாக வெட்டிவிடுவார். இல்லாவிட்டால் அதே ஜாக்கெட்டை நாலு பேர் கொண்டுவந்து காட்டி நாலு புதிதை வாங்கிப் போய்விடுவான்கள் என்று அவர் கணக்கு. வெட்டிய துணி மெஷின் துடைக்கப் போகும். இருபத்து நாலையும் கறக் கறக்கென்று வெட்டித் தள்ளினார்.

வரிசையில் பதினேழாவதாக நின்றவன் அவருடைய மருமகன். இரண்டு வருடத்துக்கு முன்னால், "ரோட்டுல நிக்கிறவனுக்குப் பொண்ணு குடுத்துட்டு, தினமும் போன் அடிச்சா பயந்து சாகணுமா நான்?" என்று ஒற்றைக்காலில் நின்றார் இவர். மகள் அவருக்கே மகள். கல்யாணத்தை முடித்துக்கொண்டுதான் ஓய்ந்தாள். அன்றிலிருந்து மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில் இந்த ஜன்னல்தான். அவன், "ஒரு ஜோடி கையுறை" என்பான். இவர், "கையெழுத்து" என்பார். அன்றும் அவ்வளவுதான். பழையதைக் கொடுத்தான், புதியதை வாங்கினான், போய்விட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கிடங்கின் கோடிக்குப் போனார் இஞ்ச்டேப். ஸ்டோர் அறைக்குப் பின்னால் இருக்கிற, ஜன்னல் இல்லாத நீளமான தகரக் கொட்டகை அது. முன்னால் இருக்கிற ஷட்டரை இறக்கினால் பட்டப்பகலிலும் கண்ணைக் கட்டிக்கொண்டது மாதிரிதான். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார், அந்நேரம் பார்த்து கரண்டும் போயிருந்தது. போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பெயின்ட் டப்பா தேடினார். மிச்சமிருந்த ஜாக்கெட்டில் இரண்டைக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார், ஒன்றின் முன்பக்கமும் ஒன்றின் பின்பக்கமும் தெரிகிற மாதிரி. வெளிச்சம் பட்டதும் ஒன்று பளீரென்று மின்னியது.

ஒன்றுதான்.

கிட்டே போய்த் தடவிப் பார்த்தார். டேப்பை எடுத்தார். எழுத்து ஆறு, மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை, ஆக ஒன்பது. நடுவில் இடம் ஐந்து, பட்டை இரண்டும் இரண்டிரண்டு அங்குலம், அதுவும் ஒன்பது. முதுகில் இருந்த வெள்ளிப் பட்டை இரண்டையும் கட்டம் ஒரு நூல் விடாமல் மூடியிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

கோடு போடுகிறவன் மெஷினைத் தள்ளிக்கொண்டு குனிந்த தலையோடு முன்னால் போவான். வண்டி எல்லாம் அவன் முதுகுப் பக்கமாகத்தான் வரும். பழைய ஜாக்கெட்டுகளோ மூலையில் நாற்பத்தெட்டுத் துண்டாகக் கிடந்தன.

ஓட்டமும் நடையுமாக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், ஜாக்கெட்டுல தப்பு நடந்துபோச்சு. என் தப்பு. முதுகுப் பட்டை மேல அச்சு ஏறிடுச்சு. இருட்டுல மின்னாது. இன்னிக்கு ஆளுங்கள அனுப்பாதீங்க."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அளந்து பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன் சார்."

"கையெழுத்து போட்டீங்கதானே?"

"போட்டேன்."

"அப்புறம் என்னண்ணே? நீங்க பார்த்துக் கையெழுத்து போட்டதுல தப்பு வந்ததா சரித்திரமே இல்ல. வயசாகுது, ராத்திரி தூங்கலையா? ரோட்டுல ஒரு பக்கத்தை மூட இன்னிக்கு ஒரு நாள்தான் பர்மிஷன். போங்க, போய் ஒரு காபி குடிங்க."

எப்படி இருக்கிறது நியாயம்? இருபத்தாறு வருடம் தப்பே செய்யாமல் இருந்தவர் முதல் தடவையாகச் செய்த தப்பை நம்பத்தான் ஆள் இல்லை. யார்டில் லாரியில் ரோட்டை மறிக்கிற கூம்புகளை ஏற்றிக்கொண்டிருந்த கோஷ்டியிடம் போனார். அங்கேயும் அதே கதை. மேஸ்திரி பல்லைக் காட்டினார்.

"அண்ணே, நீங்களா தப்பு பண்ணீங்க? மழைதான் வரப்போகுது! எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க, அந்தக் கேட்டுல இருந்து பேரைப் படிக்கலாம்."

"இது பகல்யா. வெயில்ல எல்லாம் எடுப்பாத்தான் இருக்கும்."

"முன்னாடி மின்னுதுல்ல, விடுங்க."

மருமகன் மட்டும் சிரிக்கவில்லை. கூம்பைக் கையில் பிடித்தபடியே இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் இஞ்ச்டேப்புக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாரையும் கேட்காமல் கொட்டகைக்குப் போய்க் கொக்கியிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். சத்தம் கேட்டு மேனேஜரும் வெளியே வந்திருந்தார்.

"அஞ்சே நிமிஷம். எல்லாரும் கொட்டகைக்குள்ள வாங்க. சார், நீங்களும்தான். என் மேல மரியாதை இருந்தா வாங்க."

அந்த மரியாதைக்காக வந்தார்கள். ஷட்டரை இறக்கச் சொன்னார். கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டே எண்ணி அறுபது எட்டு நடந்து கோடிக்குப் போனார்.

"டார்ச் அடிங்க!" என்று குரல் கொடுத்தார்.

யாரோ போன் டார்ச்சை அடித்தார்கள். அவர் நெஞ்சில் இரண்டு கோடு தீயாய் எரிந்தது. "தெரியுதே அண்ணே, ஜம்முனு தெரியுது!" என்றார் மேஸ்திரி.

"இப்போ நான் முதுகைக் காட்டி நிக்கிறேன். கோடு போடுற ஆள் மாதிரி. யாராவது டார்ச்சோட என்னைப் பார்த்து நடந்து வாங்க. ஆள் தெரிஞ்ச இடத்துல நில்லுங்க."

திரும்பி நின்றார்.

"எங்க நிக்கிறாரு?" என்றது ஒரு குரல்.

"அங்கேயேதான் இருக்காரா?"

ஒருவனுடைய காலடிச் சத்தம் மட்டும் கிளம்பி வந்தது. யார் என்று நடையிலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. பத்து, இருபது, இருபத்தைந்து. வெளிச்சம் இடமும் வலமுமாக அலைந்தது. சுவரில் பட்டது, தகரத்தில் பட்டது, அவர் முதுகிலும் பட்டுத்தான் போயிருக்க வேண்டும். நிற்கவில்லை.

"மாமா?"

இரண்டு வருடத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இங்கதான்பா" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மாமா, எங்க இருக்கீங்க? சத்தம் குடுங்க!"

குரலில் பயம் ஏறியிருந்தது. முப்பத்தைந்து, நாற்பது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாற்பத்தாறாவது எட்டில் காலடி நின்றது.

"தெரியுது," என்றான் அவன். பெருமூச்சு விட்டது இவர் வரை கேட்டது.

"அங்கேருந்து எண்ணிக்கிட்டே வா," என்றார் இஞ்ச்டேப். முதுகைத் தொடும்போது பதினாலு ஆகியிருந்தது.

"பதினாலு!" என்று கத்தினான் மருமகன்.

லாரி டிரைவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது. "பதினாலு எட்டுல என் லாரி நிக்காது சார். வெறும் வண்டியா இருந்தாலும் நிக்காது."

யாரோ ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரிதான். தொடர்ந்து இன்னொன்று, இன்னொன்று. மேனேஜர் ஷட்டரைத் தூக்கச் சொன்னபோது பாதி ஜாக்கெட் தரையில் கிடந்தது.

"இன்னிக்கு வேலை வேண்டாம். பர்மிஷனை நான் பேசிக்கிறேன்," என்றார் மேனேஜர். பிறகு ஸ்டோர்காரரைப் பார்த்து, "அண்ணே, மேலே கேட்பாங்க. உங்க பேரைத்தான் நான் எழுதியாகணும்," என்றார்.

"எழுதுங்க சார். ஆறு அங்குலம் நீங்க கேட்டதுதான், ஆனா பட்டை மேல மை ஏறட்டும்னு சொன்னது நான். அதையும் சேர்த்து எழுதுங்க."

எல்லோரும் வெளியே போன பிறகும் மருமகன் போகவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் முகம் கடுகடுவென்று இருந்தது.

"தொண்டை கிழியக் கூப்பிட்டேனே, ஒரு வார்த்தை பதில் சொன்னா என்ன? உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

"சத்தம் குடுத்தா நீ காதால கண்டுபிடிச்சிருப்ப. வண்டிக்காரன் எங்க சத்தத்தைக் கேட்கப் போறான்? இன்னிக்கு அங்க நிக்க வேண்டியது நீ. உன் முதுகு எத்தனை எட்டுல தெரியும்னு பார்க்கத்தான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

அவன் கிட்டே வந்து ஜிப்பை இழுத்து, மாமனார் தோளிலிருந்து ஜாக்கெட்டைக் கழற்றினான்.