முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாமியாரின் எண்

1.

மனிதகுலத்தின் வரலாறு என்பது, ஒருமுறை செய்ததை மறுமுறை செய்யாமலிருக்க அது நடத்திய மாபெரும் போராட்டத்தின் வரலாறே.

(இந்த வாக்கியத்தை இதற்கு முன் இரண்டு கட்டுரைகளிலும் ஒரு வெள்ளிவிழா மலரிலும் பயன்படுத்தியிருக்கிறேன். மலரில் ‘மனிதகுலத்தின்’ என்ற இடத்தில் ‘நமது சங்கத்தின்’ என்று இருந்தது.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கண் மருத்துவமனை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தபடியே கிடைத்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நிலையில் எதையும் படிக்க முடியாது. பக்கத்தில் பேசுவதைக் கேட்க மட்டுமே முடியும். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் தன் மருமகளைப் பற்றி, அந்த மருமகளையே அடுத்த நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரிடம் விவரித்துக்கொண்டிருந்தார். மருமகள் குனிந்த தலை நிமிரவில்லை. தொழில் சம்பந்தமான இடங்களில் மட்டும் மெல்லிய குரலில் திருத்தம் சொன்னாள்.

நான் மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டேன். கதைக்காரன் எப்போதும் குனிந்த தலைப் பக்கம்தான்.

2.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “காலை ஒன்பது மணிக்கு அவள் அலுவலகக் கதவைத் தள்ளித் திறந்து, பையை நாற்காலியில் மாட்டி, கணினியை எழுப்பினாள்.” இரண்டாம் பகுதியும் அப்படியே தொடங்கியது. மூன்றாவதும். ஒரு பாத்திரத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று தெரியாதபோது அதைப் பை மாட்ட வைப்பது எங்கள் தொழில் வழக்கம். ஆகவே இங்கேயே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் எப்போது காலை வந்தாலும், அவள் பையை மாட்டிவிட்டாள் என்று கொள்க.

மருமகள் மென்பொருள் சோதனையாளர். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுத்து, கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை அந்த அலுவலகம் செய்கிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு நிரல் வேண்டும். அந்த இன்னொரு நிரலை எழுதுவதுதான் அவள் வேலை. ஒவ்வொரு சோதனையும் ஒரு பொய் நோயாளியை உருவாக்கும், அவருக்காக நாள் கேட்கும், கிடைத்ததா என்று பார்க்கும். பொய் நோயாளியின் பெயர் திருவாளர் சோதனை. வயது நாற்பத்திரண்டு. முகவரி: முகவரி.

அவருக்கு ஒரு கைபேசி எண்ணும் தேவைப்பட்டது. மூன்று வருடங்களுக்கு முன், முதல் சோதனையை அவள் எழுதியபோது, செய்தி நிஜமாகவே போகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். நாளுக்கு மூன்று முறை அழைக்கும் எண். மாமியாருடையது. எழுதிவிட்டுப் பக்கத்தில் ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று ஒரு குறிப்பும் வைத்தாள்.

இரண்டாவது சோதனையை எழுதியவர் முதல் சோதனையை நகலெடுத்து, இரண்டு வரியை மாற்றினார். மூன்றாமவர் இரண்டாவதை நகலெடுத்தார். இப்படியே முந்நூற்றுப் பன்னிரண்டு. குறிப்பும் கூடவே நகலானது: முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் ‘அப்புறம் மாத்திக்கலாம்.’

[கணவன் ஒருவன் இருக்கிறான். மூன்று வரைவிலும் அவனுக்கு வேலை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.]

3.

சோதனைகள் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை ஓடும். செய்தி வரை போகும் சோதனைகளிலிருந்து, ஓட்டத்துக்கு அறுபது செய்திகள் வீதம் மாமியாரின் கைபேசியில் வந்து விழும். திருவாளர் சோதனைக்குக் காலை பத்து மணிக்குக் குழந்தை நலப் பிரிவில் தடுப்பூசி. பத்து ஐந்துக்கு முதியோர் பிரிவில் மூட்டுவலி. பத்தே காலுக்கு மகப்பேறு.

மாமியார் ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை. முப்பது வருடம் பிறர் பிழையைச் சிவப்பு மையில் சுழித்தவர். ஆரம்பத்தில் பொறுமையாகவே இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், “உங்க ஆளு இன்னிக்கு மாசமா இருக்காரு, ஒடம்ப பாத்துக்கச் சொல்லு” என்பார்.

சிரிப்பு நின்றது எப்போது என்றால், அவருக்கே கண்புரை வந்தபோது. கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்தால்தான் எழுத்து தெரியும் என்றானது. போன மாதம் பேருந்து எண்ணைத் தப்பாகப் பார்த்து ஏறி, ஊரின் மறுகோடிக்குப் போய் இறங்கினார். வீட்டுக்கு வந்து, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனதாகச் சமாளித்தார். அதை யாரும் நம்பவில்லை. நம்பாததை யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் பதிந்துகொண்ட கண் மருத்துவமனை பயன்படுத்துவதும் இதே மென்பொருள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால் குறுஞ்செய்தி வரும். அன்று மாலை ஐந்துக்குள் ஒன்று என்ற எண்ணை அழுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. முதல்முறை அந்தச் செய்தி திருவாளர் சோதனையின் பல்வலிக்கும் காதடைப்புக்கும் நடுவில் வந்தது. மாமியார் மூன்றையும் சேர்த்து அழித்துவிட்டார்.

இரண்டாவது வாய்ப்பு வருகிற புதன்கிழமை. தவறினால் இன்னும் நான்கு மாதம்.

(வேறு எண்ணைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எண்ணை மாற்றினால் புதிதாகப் பதிய வேண்டும், வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தொலைபேசியில் கேட்டால் பதிவுசெய்த குரல் ஒன்று, விவரம் குறுஞ்செய்தியில் வரும் என்று மட்டும் சொல்லும்.)

“ஏம்மா, ஒரு நம்பர எடுக்கிறதுக்கு மூணு வருஷமா?” என்றார் மாமியார், ஞாயிற்றுக்கிழமை.

“புதன்கிழமைக்குள்ள எடுத்துடறேன் அத்தை.”

4.

இந்தப் பகுதியில் முதலில் இரண்டு பேர் இருந்தார்கள்: மேலாளர் ஒருவர், தலைமை வடிவமைப்பாளர் ஒருவர். இருவரும் ஒரே வாக்கியத்தை வேறு வேறு சட்டையில் சொன்னார்கள். இருவரையும் ஒருவராக்கிவிட்டேன். சட்டை நீலம்.

அலுவலக வாசலில் ஒரு திரை. அதில் ‘312 சோதனைகள், 11,460 வரிகள்’ என்று ஒளிரும். வருகிற விருந்தினரையெல்லாம் மேலாளர் அதன் முன் ஒரு நிமிடம் நிறுத்திவைப்பார், கொடிக்கம்பத்தின் முன் நிறுத்துவதுபோல. திங்கட்கிழமை அவள் அவரிடம் போய், எல்லாச் சோதனையிலும் முதல் முப்பது வரி ஒன்றேதான் என்றும், அவற்றை ஓரிடத்தில் எழுதி எல்லாரும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தால் போதும் என்றும் விளக்கினாள். எத்தனை வரி மிஞ்சும் என்று அவர் கேட்டார். மூவாயிரம் என்றாள். அவர் முகத்தில் சொத்துப் பிரிவினையின் சாயல் படிந்தது.

“மீதி எட்டாயிரம் எங்க போச்சுன்னு மேல கேட்டா?”

“அழுக்கு போனா எடை கொறையத்தான் சார் செய்யும்.”

“அழுக்குன்னு ஸ்கிரீன்ல போட முடியாதும்மா.”

கடைசியில், 312 என்பதை இன்னும் பெரிய எழுத்தில் போட்டு, வரிக் கணக்கை எடுத்துவிடலாம் என்று சமாதானமானது. அந்த யோசனை தன்னுடையது என்று மேலாளர் அன்று மதியமே நம்பத் தொடங்கினார்.

5.

ஒரே எண்தானே, தேடி மாற்றினால் ஆயிற்று என்று நானும் நினைத்தேன். நகல்கள் நகல்களாகவே இருந்தால் அது சரி. ஆனால் ஒருவர் எண்ணின் நடுவில் இடைவெளி விட்டிருந்தார்; ஒருவர் கோடு போட்டிருந்தார்; ஒருவர் நாட்டுக் குறியீடு சேர்த்திருந்தார். ஒரு மேதை பத்து இலக்கங்களையும் பத்து வரிகளில் எழுதி, பிறகு ஒட்டியிருந்தார். ஏன் என்பதை விளக்க அவர் இப்போது அந்த அலுவலகத்தில் இல்லை.

ஆகவே அவள் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு இழுத்தாள். முதல் முயற்சி பொதுமையின் உச்சம். எந்த நோயாளி வேண்டுமானாலும் ஒரே வரியில் கிடைப்பார்: நோயாளி(ஆம், இல்லை, இல்லை, ஆம், ஆம், இல்லை, ஆம், இல்லை, ஆம்). எட்டாயிரம் வரி குறைந்தது. அவளே மறுபடி படித்துப் பார்த்தாள். கேள்விகளைக் கிழித்தெறிந்துவிட்டுப் பதில்களை மட்டும் வைத்திருக்கும் விசாரணைக் கோப்புபோல இருந்தது. ஐந்தாவது ‘ஆம்’ எதற்கு என்பதை எழுதிய பத்தாவது நிமிடத்தில் அவளே மறந்திருந்தாள்.

கலைத்தாள். ‘சாதாரண நோயாளி’, ‘குழந்தை நோயாளி’, ‘நாளைத் தவறவிட்ட நோயாளி’ என்று பெயர் சொன்னால் புரிகிற சின்னச் சின்ன உதவிகளாக எழுதினாள். இரண்டு சோதனைகள் அண்ணன் தம்பிபோல இருந்தன: ஒன்று புதிதாக நாள் கேட்பது, மற்றது நாளை மாற்றிக் கேட்பது. அவற்றை ஒட்டாமல் விட்டாள். முகஜாடை ஒன்றாக இருப்பதால் இருவருக்கும் ஒரே ரேஷன் கார்டு கொடுத்துவிட முடியாது.

செவ்வாய் மாலை எண் இருந்த இடம் ஒன்றே ஒன்று. அதில் யாருக்கும் சொந்தமில்லாத எண் ஒன்றை வைத்தாள். ஓடவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சை, அதாவது தேர்ச்சி.

அவள் வாழ்க்கையிலேயே மிக அழகான அந்தத் தருணத்தில் சூரியன் —

(வேண்டாம். ஜன்னல் திரை மூடியிருந்தது.)

6.

புதன்கிழமை. பையை மாட்டிவிட்டாள்.

மாமியாரின் கைபேசி காலையில் அமைதியாக இருந்தது. மதியமும் அமைதி. இது வெற்றி. மூன்று மணி வரை வெற்றியாகவே இருந்தது. நான்கு மணிக்கு மாமியார் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, நெஜ ஆஸ்பத்திரியும் வாயத் திறக்கலையே. எல்லாரையும் சேத்துத் தொடச்சிட்டியா?”

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பகுதியின் முடிவில் இன்னொரு பத்தி இருந்தது. செவ்வாய் மாலை, எங்காவது ஒரு நகல் ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், அவள் மாமியாரின் எண்ணை ‘இவர்களுக்குச் செய்தி அனுப்பாதே’ என்ற பட்டியலிலும் சேர்த்தாள் என்பது அந்தப் பத்தி. எண்ணை நீக்கினாள், எண்ணை நிறுத்தினாள். சொன்னதையே சொல்கிறோமே என்று நான்தான் அடித்துவிட்டேன். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஒன்றல்ல.

அவளுக்கும் அதேதான் நடந்தது. அந்தப் பட்டியல் சோதனைக்கு மட்டுமானது என்று நினைத்திருந்தாள். சோதனைக்கும் நிஜத்துக்கும் பட்டியல் ஒன்றேதான். முந்நூற்றுப் பன்னிரண்டு முறை எல்லாவற்றையும் நகலெடுத்த அந்த அலுவலகம், இரண்டாக இருந்திருக்க வேண்டிய ஒரே பொருளை ஒன்றாக வைத்திருந்தது.

“அத்தை, போனக் கையிலயே வச்சுக்கோங்க. கீழ வெக்காதீங்க.”

“வெச்சாத்தான் கண்ணுக்குத் தெரியாதே. கையிலதான் இருக்கு.”

நிஜ நோயாளிகளின் பக்கம் அவளுக்கு அனுமதி இல்லை. மாமியாருக்குப் பதிலாக அவளே ஒப்புக்கொள்ள வழியில்லை. பட்டியலில் எண்ணைச் சேர்க்க யார் ஒப்புதலும் வேண்டாம்; எடுக்க மட்டும் மேலாளரின் ஒப்புதல் வேண்டும். மேலாளர் வாசலில், புதிய பெரிய 312-இன் முன், விருந்தினர் மூவரை நிறுத்திவைத்திருந்தார். அவரை அங்கிருந்து பெயர்த்து எடுக்கும்போது நான்கே முக்கால். அவள் பட்டியலைத் திறந்தாள், எண்ணைத் தேடினாள், எடுத்தாள், மூடினாள். போகாத செய்தியை மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

7.

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ) நான்கு ஐம்பத்திரண்டுக்குச் செய்தி வருகிறது. மாமியார் கைபேசியை மூக்கருகே பிடித்து, தட்டச்சு ஆசிரியைக்கே உரிய ஒற்றை விரல் அழுத்தத்துடன், ஒன்றைத் தட்டுகிறார். இங்கே மருமகள் கண்கலங்க ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். வார இதழ்களுக்கு ஏற்றது.

ஆ) ஐந்து மூன்றுக்கு வருகிறது. மாமியார் திட்டவில்லை. அன்றிரவு தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். பரிசுக்கு அனுப்புவதென்றால் இதுதான்.

இ) நேரத்துக்கு வருகிறது. பழக்க தோஷத்தில், திருவாளர் சோதனைக்கு மறுபடி உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று எண்ணி மாமியார் அழித்து —

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் என்னை உள்ளே அழைத்தபோது, எழுந்துகொண்டே, மருமகளிடம் இந்த மூன்றையும் சொல்லி எது சரி என்று கேட்டேன். முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். மூன்றிலும் செய்தி வந்து சேர்கிறதே என்றாள்.

பட்டியலில் அந்த எண் இரண்டு முறை இருந்தது, ஒருமுறை நாட்டுக் குறியீட்டோடு. அவள் ஒன்றைத்தான் எடுத்திருந்தாள்.