விரல் வெளுப்பு

மார்கழிக் குளிரில் ஸ்ரீராம்புரம் சந்துக் குழாயில் முகம் கழுவக் குனிந்தபோதுதான் பச்சைமுத்து அதைப் பார்த்தான். வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் பாதிக்குமேல் வெள்ளைவெளேரென்று இருந்தன. பட்டறைத் தூள் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்தான், போகவில்லை. நகத்தால் கிள்ளிப் பார்த்தான். வலியே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் நீலம் பாரித்து, பிறகு சிவந்து, ஊசியால் குத்துவதுபோல் வலித்துப் பழைய நிறத்துக்கு வந்தன. மனைவி ஜானகியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"தூக்கக் கலக்கத்துல எதையோ பாத்திருப்பீங்க" என்றாள் அவள். "பஸ் போயிடும், கெளம்புங்க."

பீனியா தொழிற்பேட்டையில் ஒரே பட்டறையில்தான் இருவருக்கும் வேலை. பஸ்ஸுக்கு ஃபைபர் சீட் செய்கிற இடம். அச்சிலிருந்து வந்த சீட்டின் ஓரங்களைக் காற்றழுத்தத்தில் ஓடும் சாண்டர் மிஷினால் தேய்த்துச் சீராக்குவது பச்சைமுத்துவின் வேலை. அதற்கப்புறம் ஜானகியும் மற்றப் பெண்களும் எமரி பேப்பரைத் தண்ணீரில் தொட்டுக் கையாலேயே இழைப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கைக்கு இருந்த வேகம் அங்கே யாருக்கும் இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆர்டர் நெருக்கினால் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரின் அளவு முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். சாண்டரின் அடியில் தேய்ப்பு டிஸ்க்கைத் தாங்கும் ரப்பர் பேட் தேய்ந்து போய், மிஷின் முழங்கை வரைக்கும் உலுக்கும். வேலை முடிந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றாலும் உள்ளங்கைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க விரல்கள் வெளுத்தன. டிஸ்பென்சரிக்கு ஓடினான். பஸ் ஏறி, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் கையை நீட்டும்போது அது எல்லார் கையையும்போல ரத்தமும் சதையுமாக இருந்தது.

"குளிர்ல எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதினார்.

அடுத்த தடவை ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு போனான். துணியை அவிழ்ப்பதற்குள் விரல் சிவந்துவிட்டது. டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். லீவுக்கு வழி தேடுகிறவன் என்று நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் அங்கே போகவில்லை.

ஆனால் சட்டைப் பொத்தானைப் போட ஜானகி வேண்டியிருந்தது. கையிலிருந்து சில்லறை நழுவினால் தெரியவில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்து சோற்றுக் குண்டானை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, ஜானகி அலறிய பிறகுதான் விரலைப் பார்த்தான். தோல் கொப்பளித்திருந்தது. அன்றைக்குத்தான் அவள் நம்பினாள். மறுநாள் இருவரும் லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே ரமா என்கிற டாக்டரம்மா இருந்தார். அதுவரை யாரும் கேட்காத ஒன்றை அவர் முதலில் கேட்டார். "என்ன வேலை செய்யறீங்க?"

சொன்னான். அவர் ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவன் கையை அதில் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பச்சைமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களாம்மா, பாத்தீங்களாம்மா" என்றான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மிஷினின் அதிர்வு விரலிலிருக்கும் சின்ன ரத்தக்குழாயையும் நரம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டது என்றார்.

"மருந்து குடுங்கம்மா" என்றாள் ஜானகி.

"மிஷினை விடறதுதான் மருந்து. விட்டாலும் போன உணர்ச்சி திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். இதுக்கு மேல போகாம இருக்கும், அவ்வளவுதான்."

கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் சொன்னார். யார் அந்த மிஷினைப் பிடித்தாலும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கை சூடாக இருக்க வேண்டும். தேய்ந்த பேட்டை மாற்றி, காற்றை அளவோடு வைக்க வேண்டும். பச்சைமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மிஷினை விட்டால் வேறென்ன வேலை தெரியும் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறை சூப்பர்வைசர் வெங்கடராமன் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டு, அன்றைக்கே அவனைக் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார். பச்சைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஷெட்டுக்குள் சாண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஜானகி நின்றிருந்தாள்.

அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன்தான் ஆரம்பித்தான்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லிட்டு? நீங்க கேட்டுல நிக்கறதே அவர் மனசு வெச்சதால. எனக்கு நல்ல கைன்னு சொன்னாரு. சம்பளமும் ஏத்தித் தரேன்னாரு."

"எனக்கும்தான் நல்ல கைன்னு சொன்னாங்க."

"டாக்டரம்மா சொன்ன மாதிரி புடிச்சிக்கறேன். இறுக்க மாட்டேன். போதுமா?"

அவள் சொன்னபடியே செய்தாள். இடையிடையே மிஷினை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ஆனால் பேட்டை மாற்றுவதும் காற்றைக் குறைப்பதும் அவள் கையில் இல்லை. பச்சைமுத்து கேட்டில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே அவனுக்குத் தெரியும். வேறு வேலையில் மனம் போகாது.

ஒருநாள் டெம்போவில் புது டிஸ்க் பெட்டிகள் வந்தன. கேட்டில் இறக்கி வைக்கும்போது மேலே அச்சடித்திருந்த வேகத்தைப் படித்தான். அந்த மிஷினின் ஓட்டத்துக்கு இந்த டிஸ்க் தாங்காது. வெங்கடராமனிடம் ஓடினான்.

"ஓனரே பாத்து வாங்கினது பச்சைமுத்து. நான் என்ன பண்ணட்டும்? நாளைக்கு லோடு போகணும்."

மதியம் சத்தம் ஏறியது. மிஷினிலிருந்து கீச்சென்று ஒரு ஒலியும் கூடவே கேட்டது. அவன் கேட்டை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்குள் பின்பக்கம் போய்க் காற்று வால்வை மூடினான். மிஷின் முனகி நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னய்யா இது?" என்றார் வெங்கடராமன்.

"சார், அந்த டிஸ்க் வேணாம் சார். ஒடையும். அவ மூஞ்சிக்கு நேரா இருக்குது சார்."

"சும்மனே பயமுறுத்தாத. கேட்டுக்குப் போ."

பச்சைமுத்து வால்வை விடவில்லை. வெங்கடராமன் அவன் கையைப் பிடித்து விலக்கினார். விரலில் பிடி இல்லாததால் சுலபமாகவே விலக்கி, வால்வைத் திறந்துவிட்டார். பச்சைமுத்து ஜானகியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "போங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பிறகு மிஷினை எடுத்தாள்.

அவன் கேட் வரைக்கும் போய்ச்சேரவில்லை. பட்டாசு வெடித்ததுபோல் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினான். டிஸ்க் துண்டு ஜானகியின் காதருகே பறந்துபோய், பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே தகரத்தில் குத்தி நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஜானகி கையிலிருந்த மிஷினைக் கீழே வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றிருந்தாள்.

வெங்கடராமன் அந்தப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். முள்ளையும் கோட்டுக்குக் கீழே இறக்கினார். அந்த வாரம் முழுக்க அது கீழேயே இருந்தது. சனிக்கிழமை சம்பளத்தோடு பச்சைமுத்துவைக் கூப்பிட்டு, கேட்டை விட்டுப் போனதும் வால்வைத் தொட்டதும் ஓனர் காதுக்குப் போய்விட்டது, இனி வர வேண்டாம் என்றார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜானகிக்கு ஒண்ணும் இல்ல. அவ வரட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜானகி போனாள். ரெண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் எப்படி என்று அவள் கேட்டாள். காலையில் அவளுக்கு டிபன் கட்டிக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்துவிட்டு வருவான். வேலை தேடிப் போன இடங்களில் கையைக் காட்டச் சொன்னார்கள், பிடி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

மறுபடியும் குளிர் தொடங்கியது. ஜானகி வீட்டுக்கு வந்ததும் அவன் தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடுபண்ணி, அவள் கைகளை மடியில் வைத்து விரல் விரலாக நீவிவிடுவான். ஒவ்வொரு விரலையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நிறம் மாறவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த விரல்கள் சூடாக இருக்கின்றனவா ஜில்லிட்டிருக்கின்றனவா என்று அவன் விரல்களுக்குத் தெரியவில்லை.

"சூடா இருக்குதா?" என்று அவளையே கேட்பான்.

"இருக்குது இருக்குது" என்பாள் ஜானகி, கண்ணை மூடிக்கொண்டு, பாதித் தூக்கத்தில்.