ரெண்டாவது ரேகை

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வீட்டுக்கு வந்தால் உட்காரக்கூட நேரமில்லை. பேப்பரை நீட்டுவார்கள், வேலை முடிந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். கோகிலாவும் அப்படித்தான் வந்தாள். விசைத்தறிக் கூடத்தில் எனக்கு அடுத்த தறி ஓட்டுகிறவள். கூலி உயர்வு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கப்போகிறாளாம். அதற்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பத்தாவது ஆள் நான். எனக்குக் கையெழுத்து வராது; ரேகை வைத்தேன்.

மறுநாள் மனுவுக்குக் கடைசி நாள். மதியம் ரெண்டரைக்கு அவள் புருஷன் பாண்டியராஜ் பைக்கில் வந்தான்.

"அண்ணாச்சி, ஏறும். ரேகையை அதிகாரி முன்னால வச்சாத்தான் செல்லுமாம். மூணு மணிக்கு மேல வாங்க மாட்டாங்க."

தாலுகா ஆபீசில் கோகிலா மனுவோடு காத்து நின்றாள். அதிகாரி மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"இந்த ரேகைக்குப் பக்கத்துல வைங்க, பெரியவரே."

"ஒண்ணுதான கேட்டீங்க? ரெண்டாவது எதுக்கு?"

"முதல்ல வச்சதை நாங்க பாக்கலையே."

"மத்த ஒம்பது பேரு கையெழுத்துப் போட்டதைப் பாத்தீங்களோ?"

"கையெழுத்துக்கு அது வேண்டாம். ரேகைக்கு மட்டும்தான். சட்டம் அப்படி."

எழுதத் தெரிந்தவன் வீட்டில் கிறுக்கினாலும் நம்புவார்களாம். என் விரலுக்கு மட்டும் காவல்.

"அப்ப பழசை அடிச்சுட்டுத் தாங்க. ஒரே காயிதத்துல என் ரேகை ரெண்டு கிடந்தா, ஒண்ணை எதுக்கு எடுத்துக்கிடுவீங்கன்னு யாரு கண்டா?"

"அடிச்சா மனுவே செல்லாம போயிரும்."

"அண்ணாச்சி, மணி ரெண்டு அம்பத்தஞ்சு," என்றாள் கோகிலா. "எனக்காக வையுங்க."

"ஒன்னையச் சொல்லல, ஏட்டி. என்ன எழுதியிருக்குன்னு முழுசும் வாசி."

வாசித்தாள். பேர், வாக்காளர் பட்டியலில் பாகம், வரிசை எண் என்று ஒவ்வொரு ஆளாக. என் பேர் வந்ததும் நான் விரலை நீட்டினேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து மைப்பெட்டியை மூடினார்.

"மூணாயிட்டு. மனுவை வாங்கிக்கிடுதேன். ஆனா பரிசீலனையில நிக்காது."

"நல்லாருப்பீரு வே!" என்று கத்தினான் பாண்டியராஜ். "உம்ம விரலு என்ன கலெக்டர் சீலா?"

"விடுங்க," என்றாள் கோகிலா. "கூப்பிட்டதும் வந்தாருல்லா."

அதைவிட அவள் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். என் மேலும் தப்பு இருக்கட்டும். ஆனால் முந்தினநாள் வைத்ததும் இதே விரல்தானே? என்னை நம்பாத காகிதத்தை நான் மட்டும் நம்ப வேண்டுமாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து வெயிலில் நடந்தேன்.