ஏழு வருஷக் குடித்தனம்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. புற்றுநோய்க்காக மார்பை எடுத்து ஏழு வருஷம் ஆகியும், லீவு நாளில் வந்து புதுசாகச் சேர்ந்த பெண்களுக்குத் தைரியம் சொல்வாள். "என்னைப் பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." ஆபரேஷன் முடிந்த வருஷமே புருஷன் விட்டுப் போனதை மட்டும் சொல்லமாட்டாள்.

முதுகு வலிக்கிறது என்று போனவளிடம் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். எலும்பில் புள்ளிகள்.

"எல்லாம் போயிடுச்சுன்னீங்களே டாக்டர்."

"கண்ணுக்குத் தெரிஞ்சது போச்சும்மா. வேகமாப் பெருகுற செல்லை மருந்து கொன்னுடும். ஸ்டெம் செல்னு சொல்ற, விதை மாதிரி சிலது பெருகாம தூங்கிட்டே கிடக்கும், மருந்துக்குச் சிக்காது. முழிச்சா, கொஞ்சத்துலருந்தே மறுபடி கிளம்பிடும். அப்படித்தான் நடந்திருக்கும்னு நினைக்கிறோம்."

"அப்போ ஏழு வருஷமா எனக்குள்ளயே குடித்தனம். வாடகைகூடக் கொடுக்காம."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்தச் செல்களைக் குறிவைக்கும் புது மருந்து ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறது, பலன் தரும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். சரி என்றாள்.

பூட்டைத் திறந்து வீட்டுக்குள் வந்து, யாரிடம் சொல்வது என்று போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பெரும்பாலும் அவள் தைரியம் சொன்னவர்களின் நம்பர்கள்தான். மூடி வைத்தாள்.

மருந்து ஏற்றும் அறையில் டீச்சர் ஒருத்தி இருந்தாள். போன மாதம் இவள் தோளில் சாய்ந்து அழுத பெண்.

"யாருக்குத் துணையா வந்தீங்கக்கா?"

"எனக்கேதான்."

டீச்சர் முகம் செத்துப்போயிற்று. "திரும்ப வருமா?"

"எல்லாருக்கும் வராது. எனக்கு வந்திருக்கு."

அடுத்த தடவை டீச்சர் எதிர்மூலையில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த தடவை இவளைப் பார்க்காத மாதிரி இருந்தாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நாமும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது. ஆனாலும் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் குறையவில்லை, வளரவும் இல்லை.

"இப்போதைக்கு இதுவே நல்ல சேதி" என்றார் டாக்டரம்மா. "வீட்ல சொல்லுங்க."

"சொல்றேன்."

நேரே கடைக்குப் போனாள். புதுக் கண்ணாடி வாங்க ஒரு பெரியவர் காத்திருந்தார். மாட்டிவிட்டு, காதோரம் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அழுத்துதாய்யா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

விரலை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.